புளூடூத் பீக்கன் திசை காட்டவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பழுது தேடும் வழி

எனக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்கும். "பெட்டியில் புளூடூத் 5.2 என்று போட்டிருக்கிறது, டேக் போனில் தெரிகிறது, ஆனால் கோணம் மட்டும் வரவில்லை." கிடங்கின் கூரையில் ஆன்டெனா போர்டு மாட்டி, கீழே தள்ளுவண்டிகளில் டேக் (சிக்னல் அனுப்பும் சின்னப் பீக்கன்) ஒட்டி, எந்த வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்கும் ஏற்பாடு இது. திசை காணும் வசதி 2019 ஜனவரியில் வெளியான புளூடூத் 5.1-இல் சேர்ந்தது. ஆனால் அது கட்டாயமான வசதி அல்ல. அதைவிடப் புதிய எண் அச்சிட்ட சிப்பிலும் இல்லாமல் போகலாம். இது தெரியாமல் பணத்தைத் தொலைத்தவர்களைத் தொடர்ந்து பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே பேசுவது ஏஓஏ (அலை வந்து சேரும் கோணத்தைக் காணும்) முறையைப் பற்றி மட்டும். டேக் தன் ஒரே ஆன்டெனாவிலிருந்து அனுப்பும். மேலே இருக்கும் ரிசீவர் போர்டு தன் ஆன்டெனாக்களை மாற்றி மாற்றிக் கேட்டு, அலை வந்த கோணத்தைக் கணக்கிடும். அதற்காக டேக் ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் மாறாத ஒரு தொனியைச் சேர்த்து அனுப்ப வேண்டும். சிடிஇ என்பது அதன் பெயர். 16 முதல் 160 மைக்ரோ விநாடி வரை நீளும். ரிசீவர் அந்தத் தொனியை அளந்து தரும் எண்கள்தான் ஐ-க்யூ அளவுகள்.

தொடங்கும் முன் ஒன்று. நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை, ஒரே நிறுவனத்தின் டேக்கும் ரிசீவரும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் முதலில் டேக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள், அப்புறம் ரிசீவரை மட்டும். பழுது எந்தப் பக்கம் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சோதனைக்கு நல்ல இடம் மொட்டை மாடி. டேக்கை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்து, போர்டை 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள்.

## அறிகுறி 1: ரிசீவரில் ஐ-க்யூ அளவு ஒன்றுகூட வரவில்லை

போனை நம்பி முடிவுக்கு வராதீர்கள். கடையில் கிடைக்கும் ஐபீக்கன், எடிஸ்டோன் வகை பீக்கன்கள் பழைய முறையில் அறிவிப்பவை. அவற்றில் சிடிஇ கிடையாது. சிக்னல் பலத்தை வைத்துத் தூரத்தை ஊகிக்கலாம், அவ்வளவுதான். இணைப்பு ஏற்படுத்தாமல் திசை காட்டும் டேக்குகள் சிடிஇ-யைப் பீரியாடிக் அட்வர்டைசிங் (குறித்த இடைவெளியில் வரும் அறிவிப்பு) பாக்கெட்டுகளில் அனுப்புகின்றன. அதற்கு எக்ஸ்டெண்டட் அட்வர்டைசிங் என்ற புதிய அறிவிப்பு முறை வேண்டும். பழைய போன்களுக்கு அந்த அறிவிப்பு கண்ணிலேயே படாது. ஆகவே போனில் தெரிந்தால் டேக் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் பொருள். தெரியாவிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

போனையே ரிசீவராக வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். முடியாது. ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஐ-க்யூ அளவுகள் ஆப்களுக்குக் கிடைப்பதில்லை.

டேக்கின் சிப் எது? மூடியைத் திறந்து சிப்பின் மேல் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். பெட்டியில் அச்சிட்ட பதிப்பு எண்ணை மறந்துவிடுங்கள். நோர்டிக் குடும்பத்தில் என்ஆர்எஃப் 52811, 52820, 52833, 5340 ஆகியவற்றில் இந்த வசதி உண்டு. 52832-இலும் 52840-இலும் இல்லை. இதில் அதிகம் பேர் விழும் குழி 52840. விலை கூடுதல், நினைவகம் அதிகம், யூஎஸ்பி டாங்கிளாகவும் கிடைக்கிறது. எனவே அதில் எல்லாமே இருக்கும் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். முதல் தலைமுறை இஎஸ்பி 32 புளூடூத் 4.2-தான். சி3, எஸ்3 வகைகள் 5.0. அவற்றிலும் சிடிஇ இல்லை.

நானே ஒருமுறை 20 டேகுகளை மொத்தமாக வாங்கினேன். உறையில் 5.2 என்று இருந்தது, உள்ளே 52832. மென்பொருளில்தான் குறை என்று நினைத்து மூன்று நாள் தேடினேன். வன்பொருளில் இல்லாததை எந்த ஃபர்ம்வேரும் கொண்டுவராது. இப்போதெல்லாம் ஒன்றை வாங்கித் திறந்து பார்க்காமல் இரண்டாவதற்குப் பணம் கொடுப்பதில்லை.

ரிசீவரிடமே கேளுங்கள். புளூடூத் சிப்பிடம் "உனக்கு என்னென்ன வசதி உண்டு" என்று கேட்க ஒரு எச்சிஐ (மென்பொருள் சிப்போடு பேசும் வழி) கட்டளை இருக்கிறது. பதிலாக வரும் பிட் வரிசையில் இவற்றைப் பாருங்கள்:

- 12: எக்ஸ்டெண்டட் அட்வர்டைசிங்
- 13: பீரியாடிக் அட்வர்டைசிங்
- 19: இணைப்பில்லாமல் சிடிஇ அனுப்புதல் (டேக்கில் இருக்க வேண்டும்)
- 20: இணைப்பில்லாமல் சிடிஇ பெறுதல் (ரிசீவரில்)
- 22: பெறும்போது ஆன்டெனா மாற்றுதல் (ரிசீவரில்)

பிட் 20 இருந்தும் 22 இல்லையென்றால் அந்த ரிசீவர் தொனியைக் கேட்கும், ஆனால் ஆன்டெனாக்களை மாற்றாது. ஏஓஏ-வுக்கு அது உதவாது.

பிட் எதுவும் எழவில்லை, ஆனால் சிப் சரியான சிப்தான் என்றால், பெரும்பாலும் ஃபர்ம்வேர் கட்டும்போது திசை காணும் விருப்பத்தை இயக்காமல் விட்டிருப்பார்கள். செஃபிர் என்ற இயங்குதளத்தில் அது தானாக இயங்காது, நாம்தான் இயக்க வேண்டும். 5340-இல் இன்னொரு சிக்கல்: ரேடியோ தனி கோரில் (செயலிப் பகுதியில்) இருக்கிறது. மேல் கோருக்கு மட்டும் புதிய ஃபர்ம்வேர் ஏற்றிவிட்டு நெட்வொர்க் கோரை மறந்தால், பழைய ரேடியோ மென்பொருளே ஓடிக்கொண்டிருக்கும்.

பிட்டுகள் சரி, இன்னும் எதுவும் வரவில்லை. அடுத்து ஒத்திசைவு. ரிசீவர் முதலில் டேக்கின் அறிவிப்பைக் கேட்டு, பிறகு அதன் பீரியாடிக் பாக்கெட்டுகளோடு ஒத்திசைய வேண்டும். டேக் விநாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது, ரிசீவரின் காத்திருப்பும் 1 விநாடிதான் என்றால், ஒரு பாக்கெட் தவறினாலே பிடி விட்டுப்போகும். அனுப்பும் இடைவெளியைப் போல ஐந்தாறு மடங்கு காத்திருப்பு வையுங்கள். ஒத்திசையும்போது "இந்த வகைச் சிடிஇ மட்டும்" என்று வடிகட்டும் அமைப்பும் உண்டு. டேக் ஏஓடி வகையில் (அனுப்பும் பக்கமே ஆன்டெனாக்களை மாற்றும் எதிர் முறை) அனுப்பி, ரிசீவர் ஏஓஏ மட்டும் ஏற்கும்படி இருந்தால் இருவரும் சந்திக்கவே மாட்டார்கள். நீண்ட தூரத்துக்கான கோடட் முறையில் டேக் இருந்தாலும் சிடிஇ வராது. தரநிலை அதை அனுமதிப்பதில்லை. 1எம் அல்லது 2எம் (விநாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட்) முறைக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரி, அப்போதும் இல்லை. டேக்கும் ரிசீவரும் வேறு வேறு நிறுவனத்துடையவையா? நிறைய டேகுகளைக் கையாள, சில நிறுவனங்கள் தரநிலைக்கு வெளியே தங்களுக்கென ஒரு பாக்கெட் வடிவம் வைத்திருக்கின்றன. டேக்கில் தரநிலை முறைக்கு மாற்றும் அமைப்பு இருக்கிறதா என்று விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு, இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குவதுதான் செலவு குறைந்த வழி. இதற்காகப் பொறியாளரை அமர்த்தினாலும் அவரும் அதையேதான் சொல்வார்.

## அறிகுறி 2: அளவு வருகிறது, ஆனால் கோணம் அசையவில்லை

டேக்கை எங்கே கொண்டுபோனாலும் கோணம் ஒரே எண்ணில் நிற்கிறது. அந்த எண் என்ன என்பதே பாதி விடை.

0 டிகிரியில் நிற்கிறது. எல்லா ஆன்டெனாவும் ஒரே ஃபேஸைக் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை) காட்டுகின்றன என்று பொருள். அதாவது ஆன்டெனா மாறவே இல்லை. விரல் சோதனை செய்யுங்கள்: போர்டில் ஒவ்வொரு ஆன்டெனாவின் மேலும் விரலை அழுத்தி வைத்து ஐ-க்யூ அளவுகளைப் பாருங்கள். மூடிய ஆன்டெனாவின் அளவு மட்டும் மாறினால் ஆன்டெனாக்களை மாற்றும் சுவிட்ச் வேலை செய்கிறது. ஒன்றை மூடினால் எல்லாமே மாறுகிறது, மற்றவற்றை மூடினால் எதுவும் மாறவில்லை என்றால், அந்த ஒன்றிலேயே நின்றுவிட்டது.

- சுவிட்சைக் கட்டுப்படுத்தும் ஜிபிஐஓ பின் எண்கள் உங்கள் போர்டுக்கு உரியவையா? மாதிரி நிரலில் இருப்பவை வேறு போர்டின் பின்கள்.
- 5340 என்றால், அந்தப் பின்களை மேல் கோர் நெட்வொர்க் கோரிடம் ஒப்படைத்திருக்கிறதா? ஒப்படைக்காவிட்டால் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் சுவிட்ச் சும்மா இருக்கும். இந்த ஒன்றில் என் நேரம் போனது போல வேறு எதிலும் போனதில்லை.
- பின்னில் சிக்னல் மாறுகிறது, ஆன்டெனா மாறவில்லை என்றால் சுவிட்ச் சிப்புக்கு மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அதுவும் இருந்தால் சுவிட்சே போய்விட்டது. அந்தச் சின்னச் சிப்பைப் பிரித்து மாற்ற மைக்ரோஸ்கோப்பும் சூடு காற்று நிலையமும் உள்ள ஆளிடம் கொடுங்கள். சாதாரண சால்டரிங் அயர்னோடு இறங்க வேண்டாம்.

90-இலோ மைனஸ் 90-இலோ ஒட்டிக்கொள்கிறது. கணக்கு எல்லை தாண்டுகிறது. ஆன்டெனாக்களுக்கு இடையே உள்ள தூரம் நிரலில் தவறாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ, இடைவெளி அதில் பாதியைத் தாண்டக்கூடாது. சொந்தமாக போர்டு செய்தவர்கள் 7 செ.மீ வைத்துவிட்டு வருகிறார்கள். அந்த இடைவெளியில் இரண்டு வேறு திசைகள் ஒரே ஃபேஸைக் காட்டும். மென்பொருளால் பிரிக்க முடியாது, போர்டைத்தான் மாற்ற வேண்டும். இடைவெளி சரியென்றால் காரணம் பெரும்பாலும் அடுத்து வரும் அலைவெண் விலகல்.

## அறிகுறி 3: டேக் அசையாமல் இருக்கிறது, கோணம் குதிக்கிறது

இதுதான் அதிகம் வரும் புகார், இதற்குத்தான் காரணங்களும் அதிகம். நிதானமாக வரிசையாகப் போங்கள். ஆன்டெனா போர்டை மாற்றும் யோசனை கடைசியில்தான் வர வேண்டும்.

முதலில் மொட்டை மாடி. அதே ஜோடியைத் திறந்த வெளியில் வையுங்கள். அங்கே குதிப்பு நின்றால் கருவியில் குறையில்லை, இடத்தில்தான் குறை. நேராக "இடம்" என்ற பகுதிக்குப் போங்கள். அங்கும் குதித்தால் தொடர்ந்து படியுங்கள்.

எட்டு அளவுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சிடிஇ-யிலும் முதல் 4 மைக்ரோ விநாடி காப்பு நேரம். அடுத்த 8 மைக்ரோ விநாடி ஒரே ஆன்டெனாவில், மைக்ரோ விநாடிக்கு ஒன்றாக 8 அளவுகள். தொனி மைய அலைவெண்ணிலிருந்து 250 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருப்பதால், 1எம் முறையில் ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் ஃபேஸ் ஏறக்குறைய 90 டிகிரி நகர வேண்டும். 2எம் என்றால் 180. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 90-ஐ ஒட்டிச் சீராக நகர்ந்தால் வந்திருப்பது நல்ல தொனி. தாறுமாறாக இருந்தால் சிக்னல் பலவீனம், அல்லது வேறு எதையோ அளந்திருக்கிறீர்கள்.

அலைவெண் விலகல். நகர்வு 90-க்குப் பதில் 100, 105 என்று சீராக வருகிறதா? பயப்பட வேண்டாம், அது இயல்பு. டேக்கின் கிரிஸ்டலும் ரிசீவரின் கிரிஸ்டலும் சரியாக ஒத்துப்போகாது. ஒன்றுக்கொன்று 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வித்தியாசம் என்றாலே 2.4 கிகாஹெர்ட்ஸில் சுமார் 49 கிலோஹெர்ட்ஸ். சாதாரண 2 மைக்ரோ விநாடி அமைப்பில் (ஆன்டெனா மாற்ற 2, அளக்க 2) ஓர் ஆன்டெனாவின் அளவுக்கும் அடுத்ததற்கும் 4 மைக்ரோ விநாடி இடைவெளி. அதற்குள் இந்த விலகல் மட்டுமே 70 டிகிரி ஃபேஸைச் சேர்த்துவிடும். அந்த 8 அளவுகளிலிருந்து விலகலைக் கணக்கிட்டு மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். உங்கள் நிரல் இதைச் செய்கிறதா? செய்யாவிட்டால் ஒவ்வொரு டேக்குக்கும் ஒவ்வொரு பிழை வரும், வெயில் ஏறினால் பிழையும் மாறும். "ஒரு டேக் சரி, இன்னொன்று தப்பு" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொன்று. 1எம் முறையில், 4 மைக்ரோ விநாடிக்குள் 250 கிலோஹெர்ட்ஸ் தொனி சரியாக ஒரு சுற்று முடிப்பதால் அது கணக்கில் குறுக்கிடாது. அதே நிரலை வைத்துக்கொண்டு 1 மைக்ரோ விநாடி அமைப்புக்கு மாறினால் இடைவெளி 2 ஆகிறது, சுற்று பாதியில் நிற்கிறது. ஒன்றுவிட்டு ஒன்று 180 டிகிரி தவறும். அமைப்பை மாற்றினால் கணக்கையும் மாற்றுங்கள்.

டேக் நிற்கும் விதம். டேக்கை நிமிர்த்தியும் படுக்க வைத்தும் பாருங்கள். ஒரே முனைவாக்கம் (அலை அதிரும் திசை) உள்ள ஆன்டெனா போர்டு என்றால், டேக் படுத்ததும் நேர் அலை வலுவிழந்து, சுவரில் பட்டு வரும் அலை முந்திக்கொள்ளும். மனிதர் கழுத்தில் மாட்டும் டேக்கில் உடம்பே மறைத்துவிடும். மாட்டும் விதத்தை மாற்றினால் தீர்ந்துவிடும், செலவில்லை.

ஓரத்தில் மட்டும் குதிக்கிறதா? அப்படியானால் அது பழுதே அல்ல. நேர்வரிசை ஆன்டெனாவில் இடைவெளி 5 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். டேக் 0-இலிருந்து 10 டிகிரிக்கு நகர்ந்தால் ஃபேஸ் 25 டிகிரி மாறும். 80-இலிருந்து 90-க்கு நகர்ந்தால் சுமார் 2 டிகிரிதான். சிக்னலில் வரும் சின்ன இரைச்சல்கூட அங்கே பெரிய பிழையாகிவிடும். 60 டிகிரிக்கு வெளியே வரும் கோணங்களை நான் பயன்படுத்துவதில்லை. அந்தப் பகுதிக்கு இன்னொரு போர்டு வைக்கிறேன்.

இடம். இரும்பு அடுக்குகள், தகரக் கூரை, கண்ணாடித் தடுப்பு, ஃபாயில் ஒட்டிய ஃபால்ஸ் சீலிங் எல்லாம் அலையைத் திருப்பி அனுப்பும். அடையாளம் காண ஒரு வழி: கோணங்களைச் சேனல் வாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே இடத்தில் நிற்கும் டேக் ஒரு சேனலில் 12, இன்னொன்றில் 31, மறுபடி முதல் சேனலில் 12 என்று வந்தால் அது எதிரொலிதான். எல்லாச் சேனல்களின் நடுமதிப்பை எடுத்தால் நன்றாகவே அடங்கும். கூட்டிச் சராசரி எடுப்பதைவிட நடுமதிப்பு நல்லது. போர்டை இரும்புத் தூலத்திலிருந்து இறக்கி மாட்டுங்கள். வைஃபை கருவிக்குப் பக்கத்திலேயே போர்டு இருந்தால் இரண்டு மீட்டராவது தள்ளுங்கள்.

போர்டுகளை நெருக்கமாக வைப்பதும் இதற்கு மருந்து. 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் போர்டுக்கு நேர் கீழே 5 டிகிரி பிழை என்றால் தரையில் 35 செ.மீ. அதுவே 7 மீட்டர் தள்ளிப் போனால் 1.4 மீட்டர். இத்தனைக்குப் பிறகும் அடங்கவில்லை, உங்களுக்கு அரை மீட்டர் துல்லியம் வேண்டும் என்றால், ரேடியோ சர்வே செய்பவரை அழைக்க வேண்டிய இடம் இது. எத்தனை போர்டு, எங்கெங்கே என்று அளந்து சொல்வார்கள். அந்தச் செலவு, தவறாக வாங்கும் நான்கு போர்டுகளின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

## அறிகுறி 4: டேக் இடப்பக்கம் போனால் திரையில் வலப்பக்கம் போகிறது

ஆன்டெனா வரிசை தலைகீழ், அல்லது போர்டு தலைகீழ். போர்டில் அச்சிட்ட அம்புக்குறியைப் பாருங்கள். கூரையில் கீழ்நோக்கி மாட்டும்போது இடமும் வலமும் மாறுவது சகஜம். நிரலில் வரிசையைத் திருப்பினால் போதும்.

முன்னால் நிற்கும் டேக்கைப் பின்னால் காட்டினால் அது வேறு விஷயம். நேர்வரிசை ஆன்டெனாவால் முன்னையும் பின்னையும் பிரிக்க முடியாது. சுவரோடு ஒட்டி மாட்டுங்கள், அல்லது இரு திசையிலும் ஆன்டெனா பரப்பிய சதுர போர்டு வாங்குங்கள்.

## அறிகுறி 5: குதிக்கவில்லை, ஆனால் எப்போதும் சில டிகிரி தள்ளியே காட்டுகிறது

எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு தள்ளினால் போர்டு திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது. போர்டில் நூல் கட்டி நேர் பார்த்து, அந்த வித்தியாசத்தை அமைப்பில் கழித்துவிடுங்கள்.

கோணத்துக்குக் கோணம் வேறு அளவில் தள்ளினால், ஆன்டெனாக்களுக்குச் செல்லும் பாதைகள் சமமாக இல்லை. சாதாரண சர்க்யூட் போர்டில் 1 மில்லிமீட்டர் நீள வித்தியாசம் சுமார் 5 டிகிரி ஃபேஸ். கேபிள் வைத்து ஆன்டெனா இணைத்தவர்கள் கவனியுங்கள்: 1 செ.மீ வித்தியாசம் 40 டிகிரிக்கு மேல். எல்லாக் கேபிளும் ஒரே சுருளிலிருந்து ஒரே நீளத்துக்கு வெட்டியதாக இருக்கட்டும். போர்டின் மேல் புதிதாக உறை போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். உலோகத்தூள் கலந்த பெயின்ட் அடித்த உறை கோணத்தையே திருப்பிவிடும்.

விற்பவர் அளவுத்திருத்தக் கோப்பு தருகிறாரா என்று கேளுங்கள். உங்கள் போர்டின் பதிப்புக்கு உரியதுதானா என்று பார்த்து ஏற்றுங்கள். சொந்த போர்டு என்றால், டர்ன்டேபிளில் வைத்துச் சுற்றி அளக்கும் எதிரொலியில்லா அறை உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டும். வீட்டில் கையால் திருப்பி அளந்து சரிசெய்ய நான் எடுத்த முயற்சிகள் எதுவும் நிலைக்கவில்லை.

## அறிகுறி 6: பத்து டேக் வரை நன்று, அதற்கு மேல் விட்டுவிட்டு வருகிறது

ரிசீவர் ஒரே நேரத்தில் எத்தனை டேகுகளோடு ஒத்திசைய முடியும் என்பதற்கு நினைவக வரம்பு உண்டு. ஃபர்ம்வேரில் அந்த எண்ணைக் கூட்டிப் பாருங்கள். சிப்பின் நினைவகம் போதவில்லை என்றால் ரிசீவர்களைக் கூட்டுங்கள், அல்லது டேகுகள் அனுப்பும் இடைவெளியை நீட்டி, ரிசீவர் முறைவைத்து ஒத்திசையும்படி செய்யுங்கள். நகராத பொருளில் இருக்கும் டேக் விநாடிக்குப் பத்து முறை அனுப்பத் தேவையில்லை.

எண்ணிக்கை கூடாமலே சில வாரம் கழித்து விட்டுவிட்டு வந்தால் பட்டன் செல்லைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மீட்டரில் 2.9 வோல்ட் காட்டும். அனுப்பும் கணத்தில் சரிந்து டேக் மறுபடி தொடங்கும். சிடிஇ ஒவ்வொரு பாக்கெட்டையும் நீட்டுவதால் சாதாரண பீக்கனைவிட இதில் செல் சீக்கிரம் தளரும். புது செல் போட்டுச் சரியானால், அனுப்பும் பலத்தைக் குறைத்து, சிடிஇ நீளத்தையும் 160-இலிருந்து 80-க்கு இறக்கிக் கோணம் கெடுகிறதா என்று பாருங்கள். நான்கு ஆன்டெனா போர்டுகளில் பெரும்பாலும் 80-ஏ போதுமானதாக இருந்திருக்கிறது. புது செல்லிலும் டேக் மறுபடி மறுபடி தொடங்கினால், உள்ளே மின்தேக்கியோ சால்டர் இணைப்போ கெட்டிருக்கும். ஒற்றை டேக் என்றால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுங்கள். ஒரே தொகுப்பில் வாங்கிய பல டேகுகள் அப்படிச் செய்தால் எதையும் பிரிக்காமல், உத்தரவாதக் காலத்துக்குள் மொத்தமாகத் திருப்பி அனுப்புங்கள்.